நவம்பரில் வெள்ளையடித்தால் பிப்ரவரியில் கொப்புளம்: புதுவை, கடலூர்ப் பங்கு ஆலயங்களின் அழகு எதில் நிற்கிறது?

டிசம்பர் 8 அமலோற்பவ அன்னை மரியாவின் பெருவிழா. நவம்பர் முடிவில் கொடி ஏறிவிடும். அதற்கு முந்தின இரண்டு வாரத்தில்தான் அன்னையின் பெயர் கொண்ட பல பங்குகளில் (ஊர்க் கத்தோலிக்கச் சமூகங்களில்) சாரம் கட்டுகிறார்கள், பட்டி பார்க்கிறார்கள், புனிதர் சிலைகளான சுரூபங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை புதுவைக் கரையில் ஓங்கி அடிப்பதும் அதே இரண்டு வாரத்தில்தான். அக்டோபரிலிருந்து தண்ணீரைக் குடித்து ஊறிப்போன சுவரின் மேல் எமல்ஷனைப் பூசி மூடிவிட்டால், உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை. திருவிழா நாளில் சுவர் பளிச்சென்று இருக்கும். பிப்ரவரி வெயிலில் கொப்புளம் கட்டி, மார்ச்சில் தோலாக உரியும்.

நம் ஆலயங்களின் கலைச் செல்வத்துக்குப் புயலையும் கடலையும்விட அதிகச் சேதம் செய்வது இந்த அவசர அன்புதான். கொடுக்கிற கை தாராளமானது, செய்கிற மனம் பக்தியுள்ளது. ஆனால் கண்ணாடி, சுண்ணாம்பு, சுதை, பொன் ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் கை வைத்தால், நூறு வருடம் நின்றது ஒரு திருவிழாவில் போய்விடும்.

முதலில் ஒழுங்கைப் பற்றி. புதுவை சுப்பையா சாலையில் இருக்கும் திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவின் வாசலுக்கு மேலே இலத்தீனில் ஒரு வசனம் பொறித்திருக்கிறது. ஆண்டவர் தமது பெயர் என்றும் விளங்கும்படி இந்த இல்லத்தைத் தெரிந்துகொண்டு புனிதமாக்கினார் என்னும் விவிலியத்தின் குறிப்பேடு இரண்டாம் நூலின் சொற்கள் அவை (7:16). சாலோமோன் கோவிலைக் கட்டி முடித்தபின் வந்த வாக்கு. உள்ளே நுழைகிறவரின் கண்ணை அந்த வாசலிலிருந்து திருப்பலி நடக்கும் பீடம் வரை நடத்திக்கொண்டு போவதுதான் கட்டடத்தின் வேலை. இருபுறமும் தூண்கள் வரிசையாக ஓடுவதும், வளைவுகள் மேலே கூர்ந்து முடிவதும், பீடத்துக்குப் படி ஏறுவதும் இதற்காகத்தான். பசிலிக்காவில் 24 தூண்கள். அவற்றில் ஒன்றிலாவது பிளக்ஸ் பேனரோ ஸ்பீக்கர் பெட்டியோ மாட்டினால் கண்ணின் அந்த ஓட்டம் அங்கேயே தடுக்கிவிடும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்துக்குப் பின், மக்களைப் பார்த்துத் திருப்பலி நிறைவேற்றும்படி சுவரை விட்டுத் தள்ளி நிற்கும் புதிய பீடங்கள் வந்தன. பழைய ஆலயங்களில் சுவரோடு சேர்ந்து உயர்ந்து நிற்கும் பெரிய பீடத்தை இடித்த இடங்களும் உண்டு, அப்படியே விட்டுவிட்டு முன்னால் புதிது வைத்த இடங்களும் உண்டு. விட்டுவைத்ததே சரி. கலை மதிப்பு கெடாமல் அகற்ற முடியாத பழைய பீடத்தை இருந்த இடத்திலேயே விட்டு, முன்னால் வேறொரு நிலையான பீடம் கட்டும்படி திருச்சபையின் பொது விதிமுறையே சொல்கிறது. அதே விதிமுறை இன்னொன்றும் சொல்கிறது: பழைய பீடத்தைத் தனியாக அலங்கரிக்கக் கூடாது. நம் பங்குகளிலோ திருவிழா வந்ததும் சீரியல் பல்பு, சரிகைத் துணி, செயற்கைப் பூ எல்லாம் போய்ச் சேருவது பழைய பீடத்தின் மேல்தான். கண் பின்னால் போய்விடுகிறது, திருப்பலி நடக்கும் பீடம் முன்னால் மறைந்து நிற்கிறது.

பூக்களுக்கும் கணக்கு உண்டு. அவை பீடத்தைச் சுற்றி இருக்க வேண்டும், பீடத்தின் மேல்பலகையில் அல்ல. மேலே அப்பம், கிண்ணம், திருப்பலிப் புத்தகம் போலத் திருப்பலிக்குத் தேவையானவை மட்டும். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் பூவே கூடாது; நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விதிவிலக்கு. கிறிஸ்துமசுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் பூ அளவோடு இருக்க வேண்டும். டிசம்பர் 8 அந்தக் காலத்துக்குள் வந்தாலும் பெருவிழா என்பதால் அன்று அலங்காரத்துக்குத் தடை இல்லை. மறுநாள் எடுத்துவிட வேண்டும். மெழுகுதிரிகள் குறைந்தது இரண்டு, இல்லையேல் நான்கு அல்லது ஆறு. மறைமாவட்ட ஆயரே திருப்பலி நிறைவேற்றினால் ஏழு.

ஒரு புனிதருக்கு ஒரு சுரூபம்தான் இருக்க வேண்டும் என்பதும் விதி. நேர்த்திக்கடனாக வருகிற ஒவ்வொரு சுரூபத்தையும் உள்ளே வைத்துக்கொண்டே போனால் மூன்று அந்தோணியார், நான்கு மாதா என்று ஆலயம் கடை மாதிரி ஆகிவிடும். கொடுப்பவர் மனம் நோகாமல் அந்தக் காணிக்கையைத் தேவை உள்ள கிளைப் பங்குக்கோ கல்லறைத் தோட்டத்துக்கோ திருப்பிவிடலாம். இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப்பாதை நிலைகள் 14 என்பதைத் திருத்தந்தை 12-ஆம் கிளெமெந்து 1731-இல் உறுதி செய்தார். மரபுப்படி நிலையை நிலையாக்குவது படம் அல்ல, அதன் மேல் இருக்கும் சிறிய மரச்சிலுவை. பழைய படங்களைக் கழற்றி ஃபைபர் சிற்பம் மாட்டும்போது பல இடங்களில் அந்தச் சிலுவை மட்டும் தொலைந்துபோகிறது.

இனி கண்ணாடி. பசிலிக்காவின் கட்டுமானம் 1902-இல் தொடங்கி 1907-இல் முடிந்தது, 2011-இல் அதற்குப் பசிலிக்கா என்னும் சிறப்புப் பட்டம் கிடைத்தது. அதன் 28 புனிதர் கண்ணாடிகளைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடியின் மேல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறார்கள். இந்த மரபில் நிறம் கண்ணாடியின் உள்ளேயே இருக்கிறது. உருக்கும்போதே கோபால்ட் சேர்த்தால் நீலம், செம்பு சேர்த்தால் பச்சையோ சிவப்போ, மாங்கனீசு சேர்த்தால் ஊதா. சிவப்பு மட்டும் சங்கடமானது. முழுத் தடிமனிலும் செம்புச் சிவப்பு இருந்தால் வெளிச்சம் நுழையாமல் கறுப்பாகத் தெரியும். அதனால் நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புத் தோல் ஒன்றை ஒட்டியபடியே ஊதி எடுப்பார்கள். இப்படிப்பட்ட சிவப்பு உடைந்தால், கடையில் வாங்கும் சிவப்புக் கண்ணாடியை வெட்டி வைத்து ஈடு செய்ய முடியாது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று எரியும், மற்றது அப்பிக் கிடக்கும்.

முகம், விரல், ஆடை மடிப்பு, எழுத்து இவற்றின் கருங்கோடு மட்டும் தீட்டியது. இரும்பு அல்லது செம்பு ஆக்சைடையும் பொடித்த கண்ணாடியையும் குழைத்துப் பெரும்பாலும் உட்பக்கத்தில் தீட்டி, 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூளையில் சுட்டால் அது கண்ணாடியோடு ஒன்றாகிவிடும். ஒளிவட்டம், தலைமுடி, மகுடத்தின் மஞ்சள் வெள்ளி உப்பைப் பூசிச் சுட்டதால் வந்தது. அது வெளிப்பக்கத்தில் இருக்கும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் துடைக்கும் துணியை எடுக்கும்போதே கை தானாக நிதானிக்கும். சூடு சரியாகப் பிடிக்காத பழைய கருங்கோடு விரல் நகம் பட்டாலே உதிரும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர், கழிப்பறை ஆசிட், சோப்புத்தூள் மூன்றும் வேண்டவே வேண்டாம். வாலை வடித்த நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, ஒரு மூலையில் சிறிது ஒற்றிப் பார்க்க வேண்டும். பஞ்சில் கறுப்புத் துகள் ஒட்டினால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். அது அழுக்காகவும் இருக்கலாம், புனிதரின் புருவமாகவும் இருக்கலாம்.

துண்டுகளைச் சேர்த்துப் பிடிப்பது இருபுறமும் பள்ளம் உள்ள ஈயப் பட்டை. சந்திப்புகளில் பற்று வைத்து, இடுக்கில் ஆளிவிதை எண்ணெயும் சீமைச்சுண்ணாம்புப் பொடியும் பிசைந்த புட்டி என்னும் பசையைத் திணிப்பார்கள். ஈயம் மென்மையான உலோகம். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி, ஏறக்குறைய நூறு வருடத்தில் தளர்ந்துவிடும். முதல் அடையாளம், பலகை பானை வயிறு போல ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு வருவது. ஜன்னலுக்கு ஒரு நூலைக் குறுக்கே இழுத்துப் பிடித்து, நடுவில் எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறை அளந்து எழுதி வைக்கலாம். அளவு வருடா வருடம் ஏறினால் காற்றுக்காலம் வருமுன் கழற்றிப் புதிய ஈயம் மாற்ற வேண்டும். கையால் அழுத்தி நேராக்கப் போனால் கண்ணாடி விரியும். குறுக்கே தாங்கும் இரும்புக் கம்பிகள் கடற்காற்றில் துருப்பிடித்துப் பருத்து, அவை செருகியிருக்கும் சுவரையே பிளக்கும். அந்த இடத்தில் துருப்பிடிக்காத எஃகு போடுவது நியாயமான மாற்றம்.

புயலுக்குப் பயந்து வெளியே பாலிகார்பனேட் ஷீட் அடிப்பது இப்போது பரவலாகிவிட்டது. 2011 டிசம்பரில் தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் ஷீட்டை நான்கு பக்கமும் சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டால் நடுவில் சூடும் ஈரமும் சிக்கி, ஈயமும் புட்டியும் வெந்துபோகும். ஷீட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே நான்கைந்து சென்டிமீட்டர் இடைவெளி, மேலும் கீழும் காற்று போக வலை போட்ட திறப்பு, இந்த இரண்டும் இல்லாமல் அடிக்கவே கூடாது. மலிவான ஷீட் சில வருடங்களில் மஞ்சளாகும், அப்போது மாதாவின் நீலம் பச்சையாகத் தெரியும்.

கண்ணாடி ஓவியம் தெரிய ஒரே ஒரு நிபந்தனை உண்டு: வெளியே இருப்பதைவிட உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். காலை ஏழு மணித் திருப்பலிக்கு எல்லா எல்.இ.டி. விளக்கையும் போட்டுவிட்டு, கண்ணாடி மங்கிப்போய்விட்டது என்று வருத்தப்படுவதில் பொருள் இல்லை. பீடத்துக்கும் வாசகமேடைக்கும் போதிய விளக்கை வைத்துக்கொண்டு நடுக்கூடத்து விளக்குகளை அணைத்துப் பார்க்கட்டும். தரையில் நிறம் விழும்.

சுண்ணாம்புக்கு வருவோம். புதுவையின் ஆலயங்கள் இடிந்து இடிந்து எழுந்தவை. சம்பா கோவில் என்று ஊர் சொல்லும் ஜென்மராக்கினி அன்னை பேராலயத்தின் இடத்தில் இயேசு சபையார் 1692-இல் கட்டிய ஆலயம், அடுத்த ஆண்டே டச்சுக்காரர் ஊரைப் பிடித்தபோது அழிந்தது. பிறகு எழுந்த பெரிய ஆலயத்தை 1761-இல் ஆங்கிலேயர் தகர்த்தார்கள். இப்போது நிற்பது 1791-இல் முடிந்தது. சான் பால் (புனித பவுல்) என்னும் பெயரே மக்கள் வாயில் சம்பா ஆயிற்று என்பார்கள். துய்மா வீதியில் இருக்கும் வானதூதர்களின் அன்னை ஆலயம் 1855-இல் அர்ச்சிக்கப்பட்டது. கப்புச்சின் துறவிகளால் அதற்குக் கப்ஸ் கோவில் என்று பெயர். அதன் உட்சுவரின் வழுவழுப்புக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சைக் காரணம் சொல்வார்கள். இவை எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். சிமென்ட் இந்த ஊருக்குப் பழக்கமாவதற்கு முந்தியவை.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஓதத்தையும் மழையில் குடித்த நீரையும் மேற்பரப்பு வழியாக மெல்ல வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் நீர் உள்ளே அடைபட்டு, சிமென்ட் முடிகிற உயரத்துக்கு மேலே போய் வெளிப்படும். இடுப்பளவுக்குச் சிமென்ட் பூசிய ஆலயத்தில் ஓதக்கறை நெஞ்சளவுக்கு ஏறியிருப்பது இதனால்தான். பிறகு நெஞ்சளவுக்கு டைல்ஸ் ஒட்டுவார்கள், கறை தலைக்கு மேல் போகும். தரையில் பழைய கல்லைப் பெயர்த்துப் பளபளக்கும் டைல்ஸ் போட்டாலும் இதே கதைதான்: தரை வழியே போய்க்கொண்டிருந்த ஈரம் எல்லாம் சுவருக்கும் தூணுக்கும் திரும்பும்.

கடலோரத்தில் இதற்கு மேல் உப்பு ஒன்று இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு தானே நீராக இளகும். குறைந்தால் மறுபடி படிகமாகும். புதுவையிலும் கடலூரிலும் விடியற்காலையில் அந்த அளவைத் தாண்டிப் பகலில் கீழே இறங்கும் நாட்கள் ஏராளம். ஒவ்வொரு இறக்கத்திலும் சுவரின் நுண்துளைக்குள் படிகம் விரிந்து பூச்சைத் தள்ளுகிறது. உப்பு பூக்கிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். பூத்த உப்பை ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த நாளில் மென்மையான பிரஷால் தட்டி, முறத்தில் ஏந்தி வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

பூச்சு வேலைக்கு நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம், தொட்டியில் நீருக்கடியில் ஊறவிட வேண்டும். ஊறாத கட்டி பூச்சுக்குள் போனால் பிறகு அங்கே நீறி, அம்மைத் தழும்பு போலத் தெறிக்கும். முதல் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, இரண்டரை முதல் மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல். கடற்கரை மணல் ஒரு சட்டி கலந்தாலும் உப்பை நாமே விதைத்தது ஆகும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைப்பது நம் மரபு. தடிமன் அரை அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு வாரம் பத்து நாள் ஈரச் சாக்குத் தொங்கவிட்டுக் காக்க வேண்டும், ஏனென்றால் சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான். அதற்குக் கொஞ்சம் ஈரம் தேவை. சித்திரை வைகாசி வெயிலில் செய்தால் இறுகுமுன் காய்ந்து மாவாக உதிரும். ஜூனில் வரும் திரு இருதயப் பெருவிழாவுக்காக மே மாதம் பூசுகிற பங்குகளில் நடப்பது இதுதான்.

மேலே அடிக்கும் வெள்ளை பால் பதத்தில் மெல்லியதாக நான்கைந்து கை, ஒவ்வொரு கைக்கும் ஒரு நாள் இடைவெளி. மஞ்சளும் சிவப்பும் வேண்டுமானால் காவிக்கல் போன்ற மண் நிறங்களே சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். சுவர் காய்ந்துவிட்டதா என்று தெரிய ஓர் எளிய வழி: ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பார்ப்பது. உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் வேலையைத் தள்ளிப்போட வேண்டும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடு வரை இந்தக் கரையில் சுண்ணாம்பு வேலைக்கு நல்ல காலம்.

சுரூபங்களில்தான் மனம் அதிகம் பதறுகிறது. கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கம் கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னையைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் நிறுவியவர் வீரமாமுனிவர். முகத்தையும் உடையையும் இந்த மண்ணுக்கு உரியதாக்கியதே ஒரு பெரிய கலை முடிவு. அப்படிப்பட்ட முகத்தின் மேல் எனாமல் பெயின்ட் ஒரு கை ஏறினால், செதுக்கியவர் இமைக்கும் உதட்டுக்கும் கொடுத்த கூர்மை மழுங்கும். ஐந்து திருவிழாவுக்கு ஐந்து கை ஏறினால் மாதா பொம்மை ஆகிவிடுவார். பிரான்சிலிருந்து வந்த பழைய சுரூபங்களில் பல உள்ளே கூடான ஜிப்சம் வார்ப்புகள். ஜிப்சம் நீரில் சிறிது கரையும், ஓதத்தில் இளகும். விரல்களுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்தால் விரல் நீளவாக்கில் வெடிக்கும். அதை எம்-சீல் வைத்து அடைத்து மேலே பெயின்ட் அடித்தால் உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். விரல் மூட்டால் மெல்லத் தட்டிப் பார்த்தால் சத்தம் சொல்லிவிடும்: நல்ல இடம் கணீரென்று, விட்டுப்போன இடம் தொப்பென்று.

இதற்குத் திருச்சபைச் சட்டத்திலேயே காவல் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பழமையாலோ கலையாலோ மக்கள் வணக்கத்தாலோ சிறந்த உருவங்களை, மறைமாவட்டத் தலைமையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பழுதுபார்க்கவே கூடாது. அனுமதி தருமுன் அவர் வல்லுநர்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1189-ஆம் விதி. காணிக்கையாளர் ஒருவர் பணத்தோடு வந்து அவசரப்படுத்தும்போது, பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவைக்கும் கைகொடுக்கும் விதி இது. அன்போடு எடுத்துக் காட்டலாம். தேர் பவனிக்குப் பழைய சுரூபத்தை ஏற்றாமல் இலேசான நகல் ஒன்றை ஏற்றுவதும் நல்ல வழக்கம். தேர் குலுங்குவதில்தான் கழுத்தும் மணிக்கட்டும் விடுகின்றன.

பொன்னைப் பற்றிச் சுருக்கமாக. கடையில் டப்பாவில் வரும் கோல்டு பெயின்ட் பித்தளைப் பொடி. கடற்காற்றில் பச்சையோடிக் கறுக்கும். மெல்லிய பொன் தாளான ரேக்கு கறுக்காது, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம்தான் என்பதால் செலவும் நினைப்பதுபோல் பயங்கரமாக இருக்காது. ஒளிவட்டத்துக்கும் திருப்பலி அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழையின் கதவுக்கும் மட்டும் ரேக்கு ஒட்டிவிட்டு மற்றதை மஞ்சள் காவியில் விட்டால் அதிலேயே நிறைவு உண்டு.

மெழுகுதிரிப் புகை தனித் தொல்லை. சுரூபத்தின் காலடியில் ஏற்றும் திரியின் கரி முகத்தில் போய் ஒட்டும், உப்புக் காற்றின் ஈரம் அதைப் பிசினாக்கும். திரி ஏற்றும் மேடையை வெளியே கெபி (மாதா குகை) பக்கம் மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். பேழையருகே எரியும் அணையா விளக்கு மட்டும் உள்ளே இருக்க வேண்டியது. அதற்கு எண்ணெயோ மெழுகோ போதும்.

இவ்வளவையும் மேலே கூரை ஒழுகினால் காப்பாற்ற முடியாது. புதுவைக் கடற்கரையில் நகராட்சியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லால் மேரி (Mairie) என்று எல்லாரும் அறிந்த பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. செப்டம்பரில் ஒருவர் மேலே ஏறி, தளத்தின் நீர்த்தாரைகளில் கிடக்கும் வேப்பஞ்சருகை அள்ளி, சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கன்றைப் பிடுங்கினால் வேர் உள்ளேயே நின்று மறுபடி துளிர்க்கும். தண்டை வெட்டி, வேரில் களைக்கொல்லி தடவி, காய்ந்தபின் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும்.

திருவிழாவுக்குப் புதிதாக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற ஆசைக்கும் வழி உண்டு. அருகிலேயே வில்லியனூரின் சுடுமண் வேலையும் திருக்கனூரின் காகிதக்கூழ் வேலையும் புவிசார் குறியீடு பெற்றவை. டிசம்பரில் கட்டும் கிறிஸ்துமஸ் குடிலுக்குத் தெர்மாகோல் வாங்குவதற்குப் பதில், அந்தக் கைவினைஞர்களிடம் பங்குக்கென்று ஒரு குடில் தொகுதியைச் செய்யச் சொல்லலாம். குழந்தை, மரியா, சூசை, மூன்று ஞானிகள், இடையர், மாடு, கழுதை. ஆகஸ்டிலேயே சொல்லிவிட வேண்டும். மழை தொடங்கிவிட்டால் மண் காயாது.